வீல் கப்பின் முதுகுப்புறம்

பழைய மோட்டார் வண்டிகளின் சக்கரங்களுக்கு அழகு சேர்ப்பதற்கென்றே செய்யப்பட்ட வீல் கப், வீல் கவர், ரிம்மின் விளிம்பில் பதியும் பளபளப்பு வளையம் முதலான அணிகள், தாம் பிறந்த வண்டியை விட்டுப் பிரிந்து, சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் கம்பியில் கோத்துத் தொங்கும் நிலையை அடைந்தபின், அவை எந்தத் தேசத்தில், எந்த வருஷத்தில், எந்த வண்டிக்காக அச்சில் அழுத்தப்பட்டவை என்று நிர்ணயிப்பது அந்தத் தொழிலிலேயே நரைத்தவர்களுக்கும் சிரமமான காரியம். அந்தச் சிரமத்தைக் கைப்பேசியின் காமிராவோடு கூடவே வரும் படத்தேடல் செயலி ஒரு கணத்தில் தீர்த்துவிடுகிறது என்று பழைய கார் அபிமானிகள் பலர் சொல்லக் கேட்டு, சில வாரங்களாக அதை இந்த ஒரு வேலைக்கே பயன்படுத்திப் பரீட்சித்து வந்தேன். அதன் வேகம், அது கேட்கும் அனுமதிகள், விழுங்கும் டேட்டா ஆகியவை வாசகர் அறிந்தவையே. அவற்றில் எனக்குக் குறையொன்றும் இல்லை. என் வழக்கு முழுவதும் ஒரே விஷயத்தைப் பற்றியது. செயலி முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. வீல் கப்பின் ஜாதகமோ அதன் முதுகில் இருக்கிறது.

முகம் ஏமாற்றுவதற்கு முதற்காரணம் அதன் பளபளப்பு. குரோம் பூசிய குவிந்த தட்டைப் படம் பிடிப்பவர், தம் முகத்தையும், நீட்டிய கையையும், தலைக்கு மேலுள்ள தகரக் கூரையையும் சேர்த்தே பிடித்துவிடுகிறார். அந்தப் பிரதிபிம்பங்களையெல்லாம் தட்டின் சித்திர வேலையாகவே பாவித்துக்கொண்டு, செயலி பாத்திர மூடிகளையும் சுவர்க் கடிகாரங்களையும் விற்பனைப் பட்டியலோடு முன்வைக்கிறது. வெள்ளை வேட்டி ஒன்றைச் சுற்றிலும் மறைப்பாகக் கட்டி, வெயில் ஏறுமுன் காலை நிழலில், சற்றே தூர நின்று எடுத்தால் இந்த உபத்திரவம் பெருமளவு குறைகிறது என்பது அனுபவத்தில் கண்டது.

அடுத்த குறை இதைவிடப் பெரியது. படத்தில் அளவு என்பதே இல்லை. மினிக்குப் பத்து அங்குலம், வண்டலூரில் உருவான நம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குப் பதின்மூன்று, ஃபியட் 1100-க்குப் பதினான்கு, அம்பாஸடருக்குப் பதினைந்து என்று சக்கரங்கள் வெவ்வேறாக இருக்க, செயலிக்கு எல்லாத் தட்டும் ஒரே தட்டுத்தான். அமெரிக்க வண்டிகளில் இந்த ஒரு அங்குலமே வருஷத்தைச் சொல்லிவிடும்: 1956-ஆம் வருஷத்து ஷெவ்ரலே பதினைந்து அங்குலச் சக்கரத்தில் ஓடியது, 1957-இல் அது பதினான்காகச் சுருங்கியது. தையற்காரரின் டேப்பை வைத்து அரை நிமிஷத்தில் முடிகிற தகராறை, பல கோடிப் படங்களைக் கரைத்துக் குடித்த செயலி முடித்து வைக்க மாட்டாமல், 1957-க்கு உரியதை 1956 என்றும் 1956-க்கு உரியதை 1957 என்றும் சமமான தைரியத்தோடு சொல்கிறது. பம்பாயில் 1928 முதல் வண்டிகளைப் பூட்டி வந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1954-இல் மூடப்பட்ட பின், இந்நாட்டுக்கு வந்த அமெரிக்க வண்டிகள் சொற்பம் என்பதால், இங்கே அகப்படும் துண்டு எக்காலத்தது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. அந்தச் சாட்சியைச் செயலி விசாரிப்பதே இல்லை.

எனக்கு மிகவும் பிரியமான அணி, கவென்ட்ரி நகரத்துக் கார்னர்கிராஃப்ட் நிறுவனம் 'ஏஸ்' முத்திரையோடு விற்ற 'ரிம்பெல்லிஷர்' வளையம். நடுவே சிறிய வீல் கப், ஓரத்தில் இந்த மெல்லிய வளையம், இரண்டுக்கும் இடையில் வண்டியின் வர்ணத்திலேயே தெரியும் சக்கரம் என்று, மறைக்க வேண்டியதை மறைத்துக் காட்ட வேண்டியதைக் காட்டும் அந்த அடக்கம், சக்கரம் முழுவதையும் மூடிவிடும் பெரிய கவர்களில் ஒன்றிலும் இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம். ஜாகுவார் மார்க் 2 வாங்கியவர்கள் தனி விலை கொடுத்து இத்தகைய வளையங்களைப் பூட்டிக்கொண்டார்கள். வளையமும் கப்பும் தனித்தனிப் பொருள்கள் என்பதைச் செயலி உணரவில்லை. சக்கரத்தில் பூட்டியபடி காட்டினால் இரண்டையும் சேர்த்து ஒரே கவர் என்கிறது, கழற்றிய வளையத்தைத் தனியே காட்டினாலோ சைக்கிள் ரிம் என்கிறது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

ஸ்பின்னர் வைத்த கவர்களின் கதையும் இப்படியே. கம்பிச் சக்கரத்தை அச்சில் இறுக்கச் சுத்தியலால் தட்டும் இறக்கை நட்டைப் பாவனை செய்து, ஒரு பிரயோஜனமும் இன்றி அழகுக்காக மட்டும் நடுவே பொருத்திய இறக்கைகளே ஸ்பின்னர். 1953-ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் ஃபியஸ்டாவின் மூன்று இறக்கைக் கவர் இளைஞர்களின் மனத்தைக் கவர்ந்ததால், அதைப் பார்த்துப் பிறர் செய்த பிரதிகள் சந்தையில் மலிந்தன. மூன்று இறக்கை கண்டால் போதும், செயலி ஃபியஸ்டா என்று நாமகரணம் செய்துவிடுகிறது. பாதசாரிகளுக்கு அபாயம் என்று கருதி, துருத்தி நிற்கும் இறக்கைகளை 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்க மத்திய அரசின் பாதுகாப்பு விதி தடை செய்தது என்ற செய்தியைத் தெரிந்துகொண்டவர், அதற்குப் பிந்தைய அமெரிக்க வண்டியின் பெயரை ஸ்பின்னர் கவருக்குச் சூட்டும்போது செயலியைத் தாமே திருத்திக்கொள்ளலாம்.

இனி முதுகுப்புறத்துக்கு வருகிறேன். தட்டைக் கவிழ்த்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கிரீஸையும் பிரேக் தூசியையும் துடைத்து, பழைய பல்துலக்கியால் விளிம்பின் மடிப்பைத் தேய்த்தால், ரிம்மைக் கவ்வும் பற்களுக்கு அருகே மங்கலாகச் சில எழுத்துக்கள் தென்படும். அவை இன்னவென்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. மெல்லிய காகிதத்தை அதன்மேல் அழுத்திப் பிடித்து, பென்சிலின் பக்கவாட்டால் மெதுவாக உரசிக்கொண்டே போனால், கறுப்பின் நடுவே வெள்ளையாக எழுத்துக்கள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். இந்தக் காகிதத்தைச் செயலியிடம் காட்டியபோதுதான் அதன் மேன்மையை நான் கண்டேன். பாதி தேய்ந்த எழுத்தையும் அது பிழையின்றிப் படித்தது. 'லயன், டெட்ராய்ட்' என்ற பெயரையும், அதன் கீழிருந்த காப்புரிமை எண்ணையும் எடுத்துக் கொடுத்து, அந்தக் காப்புரிமையின் வரைபடத்தையே கண் முன் நிறுத்தியது.

இந்த எண் ஒரு பொக்கிஷம். அமெரிக்காவின் 20,00,000-ஆவது காப்புரிமை 1935 ஏப்ரல் 30-இலும், 30,00,000-ஆவது 1961 செப்டம்பர் 12-இலும் வழங்கப்பட்டன. ஆகவே ஏழு இலக்க எண் 2 என்று தொடங்கினால், காப்புரிமை இவ்விரண்டு தேதிகளுக்கு இடைப்பட்டது. தட்டு அதன் காப்புரிமை வழங்கப்பட்ட வருஷத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது. பல வருஷம் பிந்தியதாக இருக்கலாம் என்பதை மட்டும் மறக்கலாகாது.

காந்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காந்தம் ஒட்டினால் குரோம் பூசிய இரும்பு, ஒட்டாவிட்டால் எவர்சில்வர் என்று கடைக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். கார் அணிகளுக்கு மிகுதியாகப் பயன்பட்ட 430 ரக எவர்சில்வரில் நிக்கல் சேர்ப்பதில்லை. அதில் காந்தம் நன்றாகவே ஒட்டும். அசலான கவரைப் போலியென்று ஒதுக்கிவிட இந்த ஒரு பரீட்சை போதும் என்பதால், அதை நம்ப வேண்டாம்.

முகத்தைக் காட்டிப் பெயர் கேட்பதற்கு இந்தச் செயலி தகுதியற்றது என்பதும், முதுகின் எழுத்தைப் படிப்பதற்கு இதைவிட நல்ல துணை இன்று இல்லை என்பதும் என் தீர்ப்பு. பழைய வீல் கப் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: குரோம் பூசக் கொடுத்தால் முதலில் பாலிஷ் சக்கரத்தில்தான் தேய்ப்பார்கள், ஆழமில்லாத எழுத்துக்கள் அதில் போய்விடும், ஆதலால் பட்டறைக்குக் கொடுப்பதற்கு முன் முதுகைப் பென்சிலால் படியெடுத்து, விட்டத்தையும் அளந்து, அந்தக் காகிதத்திலேயே எழுதிவைத்துக் கொள்ளுங்கள்.