அலபாமா பல்கலைக்கழகக் கால்பந்துப் பயிற்சியாளர்கள்: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் டஸ்கலூசா நகரிலுள்ள அலபாமா பல்கலைக்கழகத்தின் 'கிரிம்சன் டைட்' அணி, கல்லூரி அளவிலான அமெரிக்கக் கால்பந்தில் பெரும் வெற்றிகளைக் கண்ட அணிகளுள் ஒன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் இவ்விளையாட்டு, நாம் அறிந்த கால்பந்திலிருந்து வேறுபட்டது.

தனக்கு 18 தேசியப் பட்டங்கள் உண்டு என்கிறது பல்கலைக்கழகம். அவை ஐந்து தலைமைப் பயிற்சியாளர்களின் கணக்கில் உள்ளன: வாலஸ் வேட் 3, ஃபிராங்க் தாமஸ் 2, பால் பிரையன்ட் 6, ஜீன் ஸ்டாலிங்ஸ் 1, நிக் சேபன் 6. அணியின் வரலாறு பெரும்பாலும் இந்தப் பட்டியலாகவே சொல்லப்படுகிறது. ஆனால் இந்தப் பட்டங்கள் அனைத்தும் ஒரே முறையில் கிடைத்தவை அல்ல. பயிற்சியாளர்களை மதிப்பிடும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

பட்டம் வழங்கப்பட்ட முறை

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கல்லூரிக் கால்பந்துக்கு இறுதிப்போட்டி என்று ஒன்று இருக்கவில்லை. பத்திரிகையாளர்களின் வாக்கும், பயிற்சியாளர்களின் வாக்கும், சில தனியார் கணக்கீடுகளும் சேர்ந்தே முதல் அணியைத் தீர்மானித்தன. தாமஸின் 1934 அணி தோல்வியே காணாமல் ரோஸ் பவுலையும் வென்றது. ஆனால் அவர் பெயரிலுள்ள 1941 பட்டம் வலுவற்றது. அவ்வாண்டு அலபாமா இரண்டு ஆட்டங்களில் தோற்றது. பத்திரிகையாளர் வாக்கெடுப்பில் 20ஆம் இடமே பெற்றது. தோல்வியே காணாத மினசோட்டா முதலிடத்தில் இருந்தது. தாமஸின் புகழுக்கு இந்தப் பட்டம் தேவையில்லை.

பிரையன்ட் (1958–1982)

பிரையன்ட் வருவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அணி வென்றவை 4 ஆட்டங்கள் மட்டுமே. அவருடைய 25 ஆண்டுகளில் 232 வெற்றிகள் கிடைத்தன. இது மறுக்க முடியாத சாதனை. எனினும் 1964, 1973 பட்டங்கள் ஆண்டிறுதி ஆட்டத்துக்கு முன்பே வாக்கெடுப்பில் முடிவாகிவிட்டன; அந்த இரண்டு ஆட்டங்களிலும் அலபாமா தோற்றது. மாறாக, 1966இல் எல்லா ஆட்டங்களையும் வென்றும் பட்டம் கிடைக்கவில்லை.

இதைவிட முக்கியமானது நிறப்பாகுபாடு. 1961, 1964, 1965 ஆண்டுகளில் பட்டம் பெற்றவை வெள்ளையர் மட்டுமே ஆடிய அணிகள். 1970இல் கறுப்பின வீரர் சாம் கன்னிங்ஹாம் ஆடிய தென் கலிபோர்னியா அணியிடம் 42–21 எனத் தோற்ற பிறகே பிரையன்ட் மனம் மாறினார் என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவர் அதற்கு முன்பே சேர்க்கப்பட்டிருந்தார். ஆளுநர் ஜார்ஜ் வாலஸின் அரசியலால் பிரையன்ட் தாமதிக்க நேர்ந்தது என்று அவர் சார்பில் வாதிடுவோர் உண்டு. ஆனால் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் 1963லேயே நுழைந்துவிட்டனர். அதே போட்டிக் குழுவிலிருந்த கென்டக்கி 1967இல் கறுப்பின வீரரைக் களமிறக்கியது. அலபாமாவில் அது நடந்தது 1971இல். மாநிலத்தில் மிகுந்த செல்வாக்குடைய மனிதர் இத்தனை ஆண்டுகள் காத்திருந்தார் என்பதும் அவர் வரலாற்றில் இடம்பெற வேண்டும்.

சேபன் (2007–2023)

சேபனின் ஆறு பட்டங்களும் இறுதிப்போட்டியில் வென்றவை. 2017 பருவத்தின் இறுதிப்போட்டியில் பின்தங்கியிருந்தபோது, வழக்கமாக அணியை நடத்திய ஜேலன் ஹர்ட்ஸை இடைவேளையில் மாற்றி, முதலாண்டு மாணவர் டுவா டகோவைலோவாவை இறக்கினார். ஆட்டம் 26–23 என வெற்றியில் முடிந்தது. ஆட்டத் திறனை மட்டும் வைத்துப் பார்த்தால் இவரது கணக்கே உறுதியானது. ஆனால் இவருடைய ஆண்டு ஊதியம் 1 கோடி டாலரைத் தாண்டிய காலத்திலும், 2021 வரை வீரர்கள் தம் பெயரையும் புகழையும் கொண்டு பணம் ஈட்ட விதிகள் தடைவிதித்தன. அவ்விதிகளை வகுத்தவர் சேபன் அல்லர், அவற்றால் பயன்பெற்றவர்.

முடிவு

பட்டியலில் பிரையன்டும் சேபனும் ஆறு ஆறு என்று சமமாக நிற்கின்றனர். இருவரும் பெரிய பயிற்சியாளர்களே. ஆனால் பட்டத்தை யார் வழங்கினார்கள், களத்தில் ஆட யாருக்கு அனுமதி இருந்தது, அந்த உழைப்பின் பலன் யாருக்குப் போனது என்ற மூன்றையும் பட்டியல் சொல்வதில்லை. விளையாட்டு வரலாற்றைப் படிக்கும் மாணவர் தொடங்க வேண்டியது இம்மூன்று கேள்விகளிலிருந்துதான்.