விஷன் வேற, மிஷன் வேற: வடலூர் அடுப்பை வைத்து ஒரு விளக்கம்

தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் படித்தவர்களுக்கு இந்தப் பலகை நல்லா தெரிந்திருக்கும். துறைத் தலைவர் அறை வாசலில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்கள். மேலே விஷன், கீழே மிஷன். என்.பி.ஏ. குழு வரப்போகிறது என்றால், கேட்டால் சொல்லணும்னு மாணவர்களை மனப்பாடம் செய்யச் சொல்வதும் பல இடங்களில் நடக்கிறது. என்.பி.ஏ. சுய மதிப்பீட்டு அறிக்கையின் முதல் பகுதியே விஷனும் மிஷனும்தான். மிஷனின் ஒவ்வொரு வரியும் படிப்பின் நோக்கங்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று 1, 2, 3 என மதிப்பெண் போட்டு அட்டவணையும் தரவேண்டும்.

பலகை மாட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதில் எழுதியிருப்பதில்தான் இருக்கிறது. ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். கல்லூரிப் பெயரை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். கடலூர்க் கல்லூரியா, கோயம்புத்தூர்க் கல்லூரியா என்று கண்டுபிடிக்க முடிகிறதா? அடுத்து, விஷன் என்ற தலைப்பையும் மிஷன் என்ற தலைப்பையும் இடம் மாற்றிப் படியுங்கள். "உலகத்தரம்", "சிறந்து விளங்குதல்", "சமூகப் பொறுப்பு" எல்லாம் எந்தத் தலைப்புக்குக் கீழேயும் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளும். தலைப்பை மாற்றியும் அர்த்தம் மாறவில்லை என்றால், எழுதியவருக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றுதான் பொருள்.

தமிழில் இந்தக் குழப்பம் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. விஷனைத் தொலைநோக்கு என்கிறோம், மிஷனை நோக்கம் என்கிறோம். இரண்டுமே "நோக்கு" என்ற ஒரே வேரில் இருந்து வந்தவை, இரண்டுமே பார்வையைத்தான் சொல்கின்றன. மூலச் சொற்கள் அப்படி இல்லை. லத்தீனில் விஷனின் வேர் "பார்ப்பது", மிஷனின் வேர் "அனுப்புவது". 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினர் தங்கள் ஆட்களை வெளியூருக்கு அனுப்பியதைத்தான் மிஷன் என்றார்கள். ஒருத்தர் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினால்தான் அது மிஷன். நம் மொழிபெயர்ப்பில் இந்தக் கிளம்புவது காணாமல் போய்விட்டது.

எளிமையாகச் சொன்னால், "உலகம் எப்படி இருக்கணும்?" என்பதற்கான பதில் விஷன். "அதுக்கு நாம தினமும் என்ன செய்யறோம்?" என்பதற்கான பதில் மிஷன். மென்பொருள் ஆளாக இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன். மிஷன் என்பது டெஸ்ட் எழுதக்கூடியதாக இருக்கவேண்டும். இன்று சாயங்காலம் பார்த்து, பாஸா ஃபெயிலா என்று சொல்ல முடியவேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் தேடி மேலாண்மைப் புத்தகங்களுக்குப் போகவேண்டியதில்லை. கடலூரில் இருந்து குறிஞ்சிப்பாடி வழியாக வடலூர் போனால் போதும்.

சிதம்பரம் பக்கத்து மருதூரில் 1823-ல் பிறந்த வள்ளலார், 1865-ல் சங்கத்தைத் தொடங்கினார். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் திறந்தார். 1872 தைப்பூசத்தில் சத்திய ஞான சபையில் வழிபாடு தொடங்கியது. எல்லா உயிர்களையும் தன் உயிர்போல் நினைக்கிற, சாதி சமய வேறுபாடு இல்லாத ஓர் உலகம் அவருடைய விஷன். பசி என்று வந்தவருக்குச் சோறு போடுவது மிஷன். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றுவரை எரிகிறது. எல்லா உயிர்களிடமும் அன்பு வந்துவிட்டதா என்று யாரும் அளக்க முடியாது. ஆனால் இன்று அடுப்பு எரிகிறதா, வந்தவர் சாப்பிட்டாரா என்று நேரில் போய்ப் பார்த்துவிடலாம்.

இதில் கவனிக்கவேண்டிய விஷயங்கள் இரண்டு.

ஒன்று, வள்ளலார் தன் விஷனைத் திருத்தியிருக்கிறார். சமரச வேத சன்மார்க்க சங்கம் என்று தொடங்கியது, 1872-ல் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் ஆனது. "வேத" போய் "சுத்த" வந்தது. இது லோகோ மாற்றுகிற மாதிரியான விஷயம் இல்லை, அடிப்படைக் கொள்கையிலேயே ஒரு பெரிய நகர்வு. சாலையின் பெயரும் அதையொட்டி மாறியது. ஆனால் சாலையின் வேலை மாறவில்லை. கொள்கை தெளிவாகிற வரை சோற்றை நிறுத்தி வைப்போம் என்று அவர் சொல்லவில்லை. நான் பார்த்த நிறுவனங்களில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும். விஷன் பல வருடம் அப்படியே சுவரில் தொங்கும், செய்கிற வேலை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திசை மாறும்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஞான சபைக்குள் போக நிபந்தனை உண்டு. கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள்தான் உள்ளே போகலாம். தருமச்சாலையில் சாப்பிட அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. பசித்தவரின் ஊர், சாதி, சமயம், நடத்தை எதையும் விசாரிக்கக் கூடாது என்பது அவருடைய நிலைப்பாடு. அதாவது, விஷனை ஏற்றுக்கொண்டவர்களுக்கு ஒரு வாசல், மிஷனால் பயன்பெறுகிறவர்களுக்கு வேறொரு வாசல். உன் கொள்கையை ஏற்காதவனுக்கும் உன் வேலையால் பலன் போய்ச் சேரவேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக ஓர் அமைப்பில் காட்டிவிட முடியுமா என்று தெரியவில்லை.

இனி சிதம்பரத்துக்கு வருவோம். நந்தனாரைப் பெரிய புராணம் திருநாளைப்போவார் என்கிறது. தில்லைக்கு நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்றவர். அவர் தள்ளிப்போட்டதற்குக் காரணம் சோம்பல் இல்லை, சாதி. பார்க்கவேண்டும் என்கிற ஆசை முழுசாக இருந்தது, போவதற்கு வழிதான் அடைக்கப்பட்டிருந்தது. அதே ஊரில் 1916-ல் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கி, நந்தனார் பெயரையே வைத்தார். சமத்துவம் என்ற விஷன் அன்றைக்கும் நாளைக்கு என்றுதான் இருந்தது. ஆனால் பிள்ளைகள் எழுத்துப் படிப்பது இன்றைய வேலையாகிவிட்டது. விஷனை நாளைக்கு என்று சொல்வதில் தவறில்லை. மிஷனையும் நாளைக்கு என்று சொன்னால்தான் ஏமாற்று வேலை ஆகிவிடும்.

"இதெல்லாம் வெறும் வார்த்தை விளையாட்டு, இதனால என்ன ஆகப்போகுது?" என்று கேட்கலாம். ஆகும். 2024-ல் ஞான சபைக்கு முன்னால் உள்ள பெருவெளியில் வள்ளலார் சர்வதேச மையம் கட்டும் வேலையைத் தமிழக அரசு தொடங்கியது. திட்டத்தின் மதிப்பு சுமார் 100 கோடி ரூபாய். அந்த நிலம் பார்வதிபுரம் மக்கள் வள்ளலாருக்குக் கொடுத்தது. தைப்பூசத்துக்குக் கூட்டம் நிற்கவேண்டிய இடம் அது, வெளியாகவே இருக்கட்டும் என்று பலர் எதிர்த்தார்கள், வழக்கும் நடந்தது. கட்டவேண்டும் என்றவர்களும் சரி, கூடாது என்றவர்களும் சரி, வள்ளலாரின் கொள்கையைத்தான் காரணமாகச் சொன்னார்கள். விஷனில் இரண்டு தரப்புக்கும் சண்டையே இல்லை. அந்த இடத்தில் செய்யவேண்டிய வேலை என்ன என்பதில்தான் சண்டை. விஷனை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி இப்படிப்பட்ட ஒரு வழக்கைத் தீர்க்கவே முடியாது.

ஆகவே உங்கள் அலுவலகத்திலோ பள்ளியிலோ சங்கத்திலோ இந்த இரண்டையும் எழுதச் சொன்னால், மூன்று கேள்விகளை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். நம் பெயரை மறைத்தாலும் இது நாம்தான் என்று தெரிகிறதா? இன்றைக்கு இந்த வேலை நடந்ததா இல்லையா என்று வெளியாள் ஒருவர் வந்து பார்த்துச் சொல்ல முடியுமா? நம்மோடு உடன்படாதவருக்கும் இதனால் ஏதாவது கிடைக்குமா? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால், பலகைக்குச் செலவழிக்கும் காசை வடலூர் தருமச்சாலைக்கு அரிசியாக அனுப்பிவிடலாம். அங்கே அது யாராவது ஒருத்தருக்கு ஒரு வேளைச் சோறாகும்.