மிளகு மணக்கும் சரிவு

ஷிராஸ் என்னும் திராட்சையில் செய்த சில சிவப்பு ஒயின்களின் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனால், அம்மியில் அப்போதுதான் தட்டிய மிளகின் வாசனை எழும். இது மனப்பிரமை இல்லை. நம் ரசத்து மிளகுக்குக் காரமான வாசனை தரும் ரொட்டன்டோன் என்னும் வேதிப்பொருள்தான் இந்தத் திராட்சையின் தோலிலும் இருக்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டு சொன்னார்கள்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கு வெயிலில் அந்த வாசனை பெரும்பாலும் அடங்கிவிடும். பழம் நன்றாகக் கனிந்து, ஒயின் கருஞ்சிவப்பாக, கெட்டியாக, பிளம்ஸும் சாக்லேட்டும் மணக்க வருகிறது. 1843இல் நட்ட கொடிகள் அங்கே இன்னும் காய்க்கின்றன. வேரைத் தின்னும் பிலாக்சரா பூச்சி அந்த மாநிலத்தை எட்டாத புண்ணியம். பரோசாவை ஒட்டிய மேட்டில் ஈடன் பள்ளத்தாக்கு. இரவுக் குளிரில் புளிப்பு குறையாமல் நிற்பதால் ஒயினில் ஒரு துடிப்பு இருக்கும்.

என் மனம் போவது விக்டோரியா மாநிலத்தின் கிராம்பியன்ஸ் மலைப்பக்கம்தான். அங்கே மிளகு முந்திக்கொண்டு வரும். ஒரே தோட்டத்துக்குள்ளேயே வெயில் குறைவாக விழும் தெற்குச் சரிவின் குலைகளில் ரொட்டன்டோன் கூடுதல் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். பூமியின் தென்பாதியில் தெற்குச் சரிவுதான் நிழல் பக்கம். கொடி ஒன்றுதான். சாய்வு மாறினால் வாசனை மாறுகிறது!

ஷிராஸ் புட்டியை எடுத்தால் திராட்சையின் பெயரோடு நிறுத்தாதீர்கள். ஊர்ப் பெயரையும் படியுங்கள்.