ஊதா மஞ்சளானால் மருந்தா?

போன வாரம் அப்பா வாட்ஸ்அப்பில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையை அனுப்பி, "பாருடா, மருதம்பட்டையில ஆன்ட்டிஆக்சிடன்ட், ஆன்ட்டிவைரல் ரெண்டுமே இருக்காம். பி.பி. மாத்திரையை விட்டுடலாமா?" என்று கேட்டார். அதனால்தான் இந்தக் குறிப்பு. நான் படித்தது பி.இ., மருந்தியல் இல்லை. ஆனால் டெஸ்ட் ரிசல்ட்டைச் சந்தேகப்படுவதுதான் என் பிழைப்பு.

இந்த வகைக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சு. பட்டையைப் பொடித்து மெத்தனாலில் ஊறவைத்து, அந்தச் சாற்றை டிபிபிஎச் என்ற ஊதாக் கரைசலில் விடுகிறார்கள். ஊதா மங்கி மஞ்சளானால் ஆன்ட்டிஆக்சிடன்ட். துவர்க்கிற பட்டை எதுவானாலும் இதில் தேறிவிடும், டீத்தூளும் தேறும். எதைக் கொடுத்தாலும் பாஸ் சொல்கிற டெஸ்டை எங்க ஆபீசில் டெஸ்ட் என்றே ஒத்துக்க மாட்டோம். அமெரிக்க வேளாண் துறை, உணவுகளின் ஓராக் என்ற ஆன்ட்டிஆக்சிடன்ட் எண்களின் பட்டியலை 2012-ல் இணையத்திலிருந்து எடுத்தேவிட்டது. அந்த எண்கள் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை என்பது காரணம்.

வைரஸ் பகுதி இன்னும் வீக். பட்டையின் துவர்ப்புக்குக் காரணமான டானின், புரதத்தைக் கண்டால் பிடித்துக்கொள்ளும். குரோம்பேட்டைக்குப் பேர் கொடுத்த குரோம் பதனிடுதல் வருவதற்கு முன்னால், மெட்ராஸில் ஆவாரம்பட்டை போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். தோலைக் கெட்டியாக்கும் அதே வேலையை டானின் கண்ணாடிக் குழாயில் வைரஸின் புரதத்திடமும் காட்டும், நம் செல்லின் புரதத்திடமும் காட்டும். அதனால் வைரஸ் எந்த அளவில் அடங்கியது என்பதோடு, செல் எந்த அளவில் செத்தது என்றும் பார்க்கணும். அப்பா அனுப்பிய கட்டுரையில் இரண்டாவது எண்ணே இல்லை.

பட்டையில் மருந்தே கிடையாதா என்றால், உண்டு. சின்கோனா பட்டையிலிருந்து 1820-ல் குயினினைப் பிரித்தார்கள். ஆனால் அந்தப் பட்டைக்குப் பேர் வந்தது நிறம் மாறியதால் இல்லை, நோயாளிகளுக்குக் காய்ச்சல் விட்டதால்.

பட்டை இல்லை என்றாலும், நம்ம ஊர்க் கீழாநெல்லி கதையையும் சொல்லணும். 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன், நோபல் பரிசு பெற்ற ப்ளம்பர்க் ஆகியோர் லான்செட்டில் எழுதினார்கள்: ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அதன் அடையாளப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இருந்தாலும் எனக்கு அந்தக் கட்டுரை மேல் மரியாதைதான். மனிதர்களிடம் சோதித்து, எண்ணிக் காட்டியதால்தானே மற்றவர்களால் சரிபார்க்க முடிந்தது.

அப்பாவிடம் மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டேன். கஷாயம் குடிப்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லணும் என்றேன். அதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.