மடித்த கொக்கும் ஒட்டிய கொக்கும்

ஜப்பானியரின் காகிதக் கொக்கைக் கருவாகக் கொண்டு கலப்பு ஊடக ஓவியம் படைப்போர் இன்று பல நாடுகளிலும் உளர். திரைச்சீலையில் வண்ணம் பூசி, மடித்த கொக்குகளைப் பசையால் ஒட்டி, ஓரத்தில் சிறிது பொன்தாளையும் பதித்துவிட்டால் 'அமைதி' என்னும் பொருள் தானே வந்து அமர்ந்துவிடும் என்று அவர்களிற் பலர் எண்ணுகின்றனர் போலும். அவ்வாறு அமர்வதில்லை என்பதே நமது துணிபு.

கொக்கு என்றதும் தமிழ் மனத்தில் எழுவது வயலோரத்தில் மீனுக்காகக் காத்து நிற்கும் பறவை. ஜப்பானியர் போற்றுவது அதுவன்று. உச்சி சிவந்த பெருங்கொக்கு. அது ஆயிரம் ஆண்டு வாழும் என்பது அவர்தம் மரபு நம்பிக்கை. ஆயிரம் கொக்குகளை மடித்து நூலில் கோப்பது நீண்ட ஆயுளுக்கும் நோய் நீங்கவும் செய்யும் வேண்டுதலாயிற்று. 1797இல் அந்நாட்டில் அச்சான 'செம்பசுரு ஒரிகாதா' என்னும் நூல், ஒரே தாளில் ஆங்காங்கே கீறலிட்டு, ஒன்றோடொன்று பிரியாத பல கொக்குகளை மடிக்கும் முறைகளைக் கற்பிக்கிறது. தாளே பறவையாகிறது, தாளின்மேல் பறவை வைக்கப்படுவதில்லை. ஒட்டுவோர் தவறவிடுவது இந்த நுட்பத்தைத்தான்.

பல பொருள்களைக் கலப்பதையே குறை என்று நாம் கூறவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தவாரயா சோதாட்சு பொன்னாலும் வெள்ளியாலும் கொக்குக் கூட்டத்தைத் தீட்ட, அதன்மேல் ஹொனாமி கோஎட்சு மையினால் கவிதைகளை எழுதிய நீள்சுருள் கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. பதின்மூன்று மீட்டருக்கும் மேற்பட்ட நீளம். பறவைகள் எழுகின்றன, நெருங்குகின்றன, இறங்குகின்றன. எழுத்தும் அவற்றோடு தடித்தும் மெலிந்தும் செல்கிறது. பொன்மை பூசிய ஏடுகளில் அரபு எழுத்தணியைக் கண்டு பழகியோர்க்கு இந்த இசைவைத் தனியே விளக்க வேண்டியதில்லை. இங்கே பொன் அலங்காரமன்று. பறவையின் உடலே அது.

இனி, ஓவியர் பலரும் நாடும் சடகோ சசாகியின் வரலாறு. 1945 ஆகஸ்டு 6இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவளுக்கு வயது இரண்டு. 1955இல் இரத்தப் புற்றுநோயுடன் மருத்துவமனை சேர்ந்து, மருந்து சுற்றிவந்த தாளிலும் கொக்கு மடித்தாள். அவ்வாண்டு அக்டோபர் 25இல் மறைந்தாள். 644 கொக்குகளோடு அவள் கை ஓய்ந்தது என்று 1977இல் வெளிவந்த எலினார் கோயரின் கதைநூல் கூறிற்று. ஓவியர்களும் அக்குறையையே தீட்டுகின்றனர். உண்மையில் அவள் ஆயிரத்தையும் கடந்து மடித்தாள் என ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகம் தெரிவிக்கிறது. எஞ்சியவற்றை நாம் மடித்து முடிப்போம் என்று ஆறுதல் கொள்ளக் கதை இடந்தருகிறது, வரலாறோ தரவில்லை. எண்ணிக்கை நிறைந்தது, குழந்தை பிழைக்கவில்லை. இக்கடுமையைத் தாங்கும் ஓவியம் நம் பார்வைக்கு அரிதாகவே வருகிறது.

மடித்த கொக்கைப் பிரித்து, தாளில் எஞ்சும் மடிப்புக் கோடுகளின்மீது மட்டும் மையைப் படரவிடும் முயற்சியே நமக்கு மேலானதாகப் படுகிறது. அங்கே பறவை இல்லை; மடித்த கையின் தடம் உண்டு. சடகோவின் பள்ளித் தோழர்களது முயற்சியால் 1958 மே 5இல் திறக்கப்பெற்ற சிறுவர் அமைதி நினைவுச் சின்னத்திற்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடிக் கொக்குகள் வந்து குவிகின்றன. பத்து டன் எடை. அவற்றைக் கூழாக்கி மீண்டும் தாளாக்கும் வழக்கமும் அங்கே ஏற்பட்டுள்ளது. பசைப் புட்டியைக் கையிலெடுக்கும் ஓவியர் அத்தாளில் ஒன்றை வாங்கி, முதலில் ஒன்றும் தீட்டாமல் சற்று நேரம் பார்த்திருக்கலாம்.