கர்னல் கிழித்த காகிதம்

இளம் எழுத்தாளர் ஒருவர் தம் கதையை அனுப்பி அபிப்பிராயம் கேட்டிருந்தார். குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர். பெயரைச் சொல்லப் போவதில்லை. கதை இதுதான். ஊரில் நடந்த ஒரு மறியலில் இருபது வயதுப் பையனைப் போலீஸ் பிடிக்கிறது; வழக்குப் பதிவாகிறது. அவனுக்குப் பட்டாளத்தில் சேர ஆசை. ஆள் எடுக்கும் இடத்தில் ஒரு கர்னல் அவன் கண்களை உற்றுப் பார்க்கிறார். வழக்கு விவரம் எழுதிய காகிதத்தைக் கிழித்துப் போடுகிறார். பையன் எல்லைக்குப் போய் உயிர் விடுகிறான். ஊர் திரண்டு வந்து வணங்குகிறது.

நடை நன்றாகவே இருக்கிறது. விடியுமுன் தார் ரோட்டில் ஓடிப் பழகும் பையன்கள், தையற்கடை நாடாவை இரவல் வாங்கி மூச்சை இழுத்துப் பிடித்து மார்பை அளந்துகொள்வது, இதெல்லாம் கண்ணால் பார்த்து எழுதியவை. அந்தக் கர்னல் மட்டும் பார்த்து எழுதப்பட்டவர் அல்ல. சினிமாவிலிருந்து நேராக வந்தவர். அவர் வந்த இடத்தில் கதை செத்துவிடுகிறது. அதற்கப்புறம் பையனும் சாவது அதிகப்படி.

ஒன்றை மறுக்க முடியாது. நம் கதைகளில் பட்டாளத்துக்காரன் என்றால் தகரப் பெட்டியும் ரம் புட்டியுமாக லீவில் வருகிறவன்; கேஸ்காரன் என்றால் ரவுடி. இருவரும் ஒரே ஆளாக இருக்கலாம் என்று எழுதியவர்கள் குறைவு. இவர் துணிந்திருக்கிறார். ஆனால் துணிந்த இடத்தில் நிற்கவில்லை.

தம் கர்னலுக்குச் சாட்சியாக அவர் கடிதத்தில் டிலனாயை அழைக்கிறார். 1741-ல் குளச்சலில் நம்மோடு சண்டைக்கு வந்து பிடிபட்ட டச்சுக்காரனை மார்த்தாண்டவர்மா தம் படையில் சேர்க்கவில்லையா, அவன் வலிய கப்பித்தான் ஆகவில்லையா என்கிறார். ஆனான். 1777-ல் செத்து, புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமாகிக் கிடக்கிறான். கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறது, போய்ப் பார்க்கலாம். ஆனால் அது ராஜாவின் இரக்கமல்ல. அவருக்குப் பீரங்கியும் ஐரோப்பியக் கவாத்தும் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. 2022-ல் ருஷ்யாவில் வாக்னர் கூலிப்படை சிறைச்சாலைகளுக்குள் போய், ஆறு மாதம் போர்முனையில் நின்றால் மன்னிப்பு என்று கைதிகளைத் திரட்டியதும் கருணையால் அல்லவே.

தாஸ்தாவ்ஸ்கியின் விஷயம் இன்னும் விசித்திரம். 1849-ல் மரண தண்டனை விதித்து, கொலைக்களம் வரை கொண்டுபோய் நிறுத்தி, பிறகு அதை மாற்றி ஓம்ஸ்க் சிறையில் நான்கு வருஷம் போட்டார்கள். அது முடிந்ததும் 1854-ல் சாதாரணச் சிப்பாயாக செமிபலாத்தின்ஸ்குக்கு அனுப்பினார்கள். அங்கே பட்டாளமே தண்டனையின் மறுபாதி. நம் பையன்களோ அதையே வரமாகக் கேட்டு நிற்கிறார்கள். சிறையை எழுதிய அளவுக்கு அவர் அந்தப் பாளைய வாழ்க்கையை எழுதாமல் போனதில் எனக்குக் குறைதான்.

நண்பர் கவனிக்கத் தவறியது கர்னலை அல்ல, அவர் கிழித்த காகிதத்தை. 1950-ம் வருஷத்து ராணுவச் சட்டத்தில் 44-வது பிரிவு என்று ஒன்று உண்டு. படையில் சேரும்போது படிவத்திலுள்ள கேள்விக்குத் தெரிந்தே பொய் சொன்னால் ஐந்து வருஷம் வரை சிறை. அரசாங்க உத்தியோகங்களில் வழக்கை மறைப்பது பற்றி 2016-ல் அவ்தார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயத்தை ஒருவன் மறைத்திருந்தால் அதை மன்னிக்க எஜமானனுக்கு இடமுண்டு. அதே சமயம், உண்மையைச் சொல்லிவிட்டான் என்பதற்காக வேலை கொடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகப் பையன் உண்மை சொன்னால் வாசலோடு திரும்பலாம். பொய் சொன்னால் உள்ளே போன பிறகு புதுக் குற்றவாளி ஆகலாம். பேனாவைத் திறந்துகொண்டு அந்தக் கட்டத்துக்கு எதிரே அவன் உட்கார்ந்திருக்கும் ஐந்து நிமிஷம் இருக்கிறதே, கதை அங்கேதான் இருக்கிறது. கர்னலுக்கு அங்கே வேலையில்லை.

இதெல்லாம் கற்பனையும் அல்ல. கூடங்குளம் போராட்டத்தில் பல்லாயிரம் பேர்மீது வழக்குப் போட்டார்கள். 2013 மே மாதத் தீர்ப்பில் அவற்றைத் திரும்பப்பெற முயலவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்ல நேர்ந்தது. 2022 ஜூனில் அக்னிபத் திட்டத்தை எதிர்த்து வடக்கே ரயில்கள் எரிந்தபோது, கலவரத்தில் கலந்துகொள்ளவில்லை என்று எழுதிக் கொடுக்காதவனுக்கு இடமில்லை என்று ராணுவம் அறிவித்தது. ரயிலுக்குத் தீ வைத்தவனைப் படையில் சேர்க்காதது நியாயந்தான். நானே அதிகாரியாக இருந்தாலும் சேர்க்கமாட்டேன். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்து, 'மற்றும் பலர்' என்ற இரண்டு சொல்லுக்குள் விழுந்தவன் சங்கதி வேறு. நாவலாசிரியனுக்கு வேண்டியவன் அவன்தான்.

இந்த அபிப்பிராயத்தை எழுதி அனுப்பினேன். பதில் வந்தது. கதையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வயது வரம்புக்கு இன்னும் சில மாதங்களே இருக்கின்றனவாம். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறார். உள்ளதை எழுதச் சொல்லி, வழக்கின் காகிதங்களோடு முதலில் ஒரு வக்கீலைப் பார்க்கும்படி தக்கலை பஸ் நிலையத்திலிருந்தே கார்டு போட்டேன்.