வாதத்துக்கு விடுப்பு

1895 டிசம்பரில் காங்கிரஸ் மகாசபை புனேயில் கூடியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் காங்கிரஸ் முடிந்த கையோடு அதே பந்தலில் ரானடேயின் சமூகச் சீர்திருத்த மாநாடும் நடப்பது வழக்கம். அந்த ஆண்டு திலகர் தரப்பினர் அதற்குப் பந்தலைத் தரக் கூடாது என்று நின்றார்கள். ஊர் இரண்டுபட்டது. கடைசியில் ரானடே தம் மாநாட்டை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டார். அரசியல் முதலில், வீட்டுக்குள் நடப்பவை பிறகு என்ற கட்சி அன்று வென்றது.

அந்தச் சண்டைக்கு வேர் சம்மத வயதுச் சட்டத்தில் இருந்தது. கல்கத்தாவில் 10, 11 வயதே ஆன புல்மோனி என்ற சிறுமி, கணவன் வலுக்கட்டாயமாகக் கூடியதால் இறந்துபோன வழக்கு 1890இல் நாட்டை உலுக்கியது. உடலுறவுக்கான சம்மத வயதை 10இலிருந்து 12ஆக உயர்த்தும் சட்டம் 1891இல் வந்தபோது புனேயில் சீர்திருத்தவாதி அகர்கரின் ‘சுதாரக்’ பத்திரிகை அதை ஆதரித்தது, திலகரின் ‘கேசரி’ எதிர்த்தது. அந்நிய அரசு எங்கள் வீட்டுக்குள் நுழையக் கூடாது, படிப்பு பரவினால் எல்லாம் தானாக மாறும் என்பது திலகரின் நிலை. பத்திரிகை, மேடை, சாஸ்திர வியாக்கியானம் என்று எதற்கும் குறைவில்லை. யாருடைய உடம்பைப் பற்றிப் பேசினார்களோ அந்தச் சிறுமிகளிடம்தான் யாரும் கேட்கவில்லை. பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டத்துக்கு 1929 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளின் பாலின மாற்றம் பற்றிய வாதத்துக்கு இன்று பலர் கேட்கும் விடுப்பை எடைபோடும்போது இந்தப் புனேக் கதை நினைவுக்கு வருகிறது. இரண்டும் ஒன்றல்ல. குழந்தை மணம் பெரியவர்கள் பிள்ளைமேல் சுமத்தியது. பாலின மாற்றம் பிள்ளை தானே வாய்திறந்து கேட்பது. அதுவும் சுமத்தப்பட்டதுதான், கைபேசியும் கூட்டாளிகளும் சுமத்தியது என்று ஒரு தரப்பு சொல்கிறது. சண்டையே அந்த இடத்தில்தான். ஆனாலும் வயது, உடம்பு, பெற்றோர், சட்டம், மருத்துவர் என்று கூடி நிற்பவை அன்றும் இன்றும் அவையே. “இப்போதைக்கு இதை விடுவோம்” என்ற குரலும் அதே குரல்தான்.

அந்தக் குரலுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. உலகத்தில் இந்த வாதம் போன போக்கைப் பார்த்தால் யாருக்கும் அலுப்புத் தட்டும். பூப்பைத் தள்ளிவைக்கும் மருந்தை முறையாகக் கொடுக்கும் பழக்கத்தை 1990களில் நெதர்லாந்து மருத்துவர்கள் தொடங்கிவைத்தார்கள். அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்களின் பெரிய சங்கங்கள் அதற்குத் துணை நின்றன. ஃபின்லாந்தும் ஸ்வீடனும் 2020 முதல் கையை இழுத்துப் பிடித்தன. பிரிட்டனில் ஹிலரி காஸ் தலைமையிலான ஆய்வு, அந்த மருந்துக்கான சான்றுகள் பலவீனமானவை என்று 2024 ஏப்ரலில் சொன்னது. அவ்வாண்டு டிசம்பரில், ஆய்வுக்காகத் தவிர மற்றபடி 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பாலின மாற்றத்துக்காக அதைப் புதிதாகத் தருவதற்குக் காலவரையற்ற தடை வந்தது. அமெரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சிறார்களுக்கான சிகிச்சையையே தடைசெய்தன, 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் டென்னஸி மாநிலத்தின் தடையை 6க்கு 3 என்று நிலைநிறுத்தியது. காஸ் அறிக்கையிலேயே சிகிச்சைக்கு அப்பாற்பட்ட ஒரு கவலை இருக்கிறது. இந்த விவாதத்தின் நச்சுத்தன்மை வழக்கத்துக்கு மீறியது, பிள்ளைகள் அதன் நடுவில் சிக்கிக்கொண்டார்கள், மருத்துவர்கள் வாய்திறக்கவே அஞ்சுகிறார்கள் என்கிறார் அவர். அந்த நச்சை இறக்குமதி செய்துகொள்ளாமல் கொஞ்சம் ஒதுங்கியிருப்போம் என்று இங்கே ஒரு தகப்பனோ ஆசிரியையோ நினைத்தால் அதைக் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன்.

ஒதுங்கியிருந்து பயன் கண்டதற்கு நம்மிடமே நல்ல சான்று ஒன்று உண்டு. 2021இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து வாழ்வதற்காகச் சென்னைக்கு ஓடிவந்து, பெற்றோரின் புகாரையும் காவல்துறையையும் அஞ்சிச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். அது பாலின மாற்ற வழக்கு அல்ல, இருவரும் வயது வந்தவர்கள். ஆனால் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அன்று செய்ததைத்தான் இங்கே பார்க்க வேண்டும். தமக்கே இந்த விஷயத்தில் முன்முடிவுகள் இருக்கின்றன, அவற்றைக் களையாமல் தீர்ப்பெழுதினால் அது தம் அறிவிலிருந்து வரும், மனத்திலிருந்து வராது என்று வெளிப்படையாகப் பதிவுசெய்தார். உளவியலாளர் வித்யா தினகரனிடம் தாமே ஒரு மாணவராகப் போய் உட்கார்ந்தார். பால்புதுமைச் சமூகத்தைச் சேர்ந்தவர்களைச் சந்தித்தார். பெண்களின் பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார். அதன் பிறகே 2021 ஜூன் 7 அன்று விரிவான ஆணை வந்தது: காவல்துறை தொந்தரவு செய்யக் கூடாது, பாலினத்தையோ பாலீர்ப்பையோ ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று வைத்தியம் செய்வது கூடாது என்றது அது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் இப்படி ‘மாற்றிக் காட்டும்’ சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. சில வாரங்கள் வாதத்தை நிறுத்திவைத்ததில் இவ்வளவு கிடைத்தது. காரணம், அந்தச் சில வாரங்களில் நீதிபதிக்கு வேலை இருந்தது.

2021இலேயே இன்னொரு விடுப்பும் எடுக்கப்பட்டது. பள்ளிகளில் மாறுபாலினப் பிள்ளைகளை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை மத்திய அரசின் கல்வி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. தன் இணையதளத்தில் போட்டது. கழிப்பறை, சீருடை ஆகியவற்றோடு பூப்பைத் தள்ளிவைக்கும் மருந்துகள் பற்றிய குறிப்பும் அதில் இருந்தது. புகார்கள் எழுந்தன, தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் கேள்வி கேட்டது, 2021 நவம்பரில் சில நாள்களுக்குள் கையேடு காணாமல் போனது. மருந்து பற்றிய குறிப்பு தவறு என்றால் அதைத் திருத்தியிருக்கலாம். அதோடு சேர்த்துக் கழிப்பறையும் சீருடையும் கேலியைத் தடுக்கும் வழிகளும் போய்விட்டன. அதே ஆனந்த் வெங்கடேஷ், அதே வழக்கின் தொடர் விசாரணையில், இதைக் கடுமையாகக் கண்டித்தார். புதிய வரைவு வெளியானது 2023இல். 2021இல் எட்டாம் வகுப்பில் இருந்த பிள்ளை அதற்குள் ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருக்கும். இந்த இடைவெளியில் ஆசிரியர் அறையில் யாரும் எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ‘கொஞ்சம் நிதானிப்போம்’ என்றே தெரியும். ஒன்றில் நிதானித்தவர் படித்தார், மற்றதில் படிக்க வேண்டியதையே எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

இந்தியாவில் நிலைமை மேலைநாடுகளைப் போல இல்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அங்கே வாதத்தின் மையம் 14 வயதுப் பிள்ளை கேட்கும் மருந்து. இங்கே அப்படிக் கேட்கும் பிள்ளை மருத்துவர் வரை போய்ச் சேர்வதே அபூர்வம்; அறுவை சிகிச்சைக்கோ 18 நிரம்ப வேண்டும் என்பதே நடைமுறை. 2019இல் வந்த மாறுபாலினத்தவர் சட்டம், வயது வராதவருக்குச் சான்றிதழ் வேண்டுமானால் பெற்றோரோ பாதுகாவலரோ விண்ணப்பிக்கலாம் என்றது, அவர்களுடைய சிகிச்சையைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை.

ஆனால் கேட்காத பிள்ளைகளின் உடம்பில் இந்த நாட்டில் கத்தி வைத்திருக்கிறார்கள். ஆண், பெண் என்று தெளிவாகப் பிரித்தறிய முடியாத உறுப்புகளோடு பிறக்கும் ஊடுபால் குழந்தைகளை, பேசத் தொடங்கும் முன்பே ஏதோ ஒரு பக்கமாகத் ‘திருத்தி’விடும் அறுவை சிகிச்சையைத்தான் சொல்கிறேன். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அருண்குமார் வழக்கில் இதை நிறுத்தச் சொன்னார். அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழக அரசு, உயிருக்கு ஆபத்து இருந்தாலன்றி இத்தகைய அறுவை சிகிச்சை கூடாது என்று அரசாணை பிறப்பித்தது. கேரளத்தில் 7 வயதுக் குழந்தை ஒன்றின் பெற்றோர் இதே அனுமதி கேட்டு வந்தபோது 2023 ஆகஸ்டில் அம்மாநில உயர் நீதிமன்றம் தர மறுத்து, மருத்துவர்கள் அடங்கிய குழு முடிவெடுக்கட்டும் என்றது. வளர்ந்து தன்னை உணர்ந்து பிள்ளை சொல்லட்டும் என்பதே இவற்றின் சாரம். இதுவும் ஓய்வுதான். ஆனால் இங்கே ஓய்வு கத்திக்கு. பேச்சுக்கு அல்ல. பேச்சு நடந்ததால்தான், கோபி ஷங்கர் போன்ற செயற்பாட்டாளர்கள் விடாமல் பேசியதால்தான், கத்தி நின்றது. வாதத்தை ஒத்திப்போட்டிருந்தால் அறுவை தொடர்ந்திருக்கும்.

விடுப்பு கேட்பவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் விடுவது உடம்பின் காலத்தை. பூப்பு பெண்ணுடம்பில் பொதுவாக 8இலிருந்து 13க்குள்ளும் ஆணுடம்பில் 9இலிருந்து 14க்குள்ளும் தொடங்கிவிடுகிறது. உடைந்த குரல் திரும்பாது, வளர்ந்த மார்பகம் அறுவை இல்லாமல் போகாது. மறுபக்கம், பூப்பைத் தள்ளிவைக்கும் மருந்து எலும்பின் வலுவைக் குறைக்கக் கூடும், அதன் நெடுங்கால விளைவு முழுதாகத் தெரிந்ததல்ல, பிற்பாடு பிள்ளை மனம் மாறினால் ஹார்மோனின் சில தடங்கள் அழியா. மருந்து கொடுப்பதும் ஒரு முடிவு, கொடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவு. வாதத்திலிருந்து விலகிய பெரியவர் எந்த முடிவும் எடுக்காதவர் போலத் தோன்றலாம். பிள்ளையின் உடம்புக்கு அந்தச் சலுகை இல்லை. எந்தப் பக்கமும் பாதுகாப்பானது என்று என்னால் சொல்ல முடியாது. இரு பக்கமும் விலை உண்டு, அதைக் கொடுக்கப்போவது ஒரே ஆள் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

புனேயில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். அடையாளம் தெரியும்படி எதையும் எழுதப்போவதில்லை. பெண்ணாகப் பிறந்த பிள்ளை, பதினைந்தைத் தாண்டிய வயது, தன்னைப் பையன் பெயரால் கூப்பிடச் சொன்னது. மே மாத வெயிலிலும் ஹூடியைக் கழற்றுவதில்லை. வீட்டில் தினமும் சண்டை. அமெரிக்காவிலிருந்து மைத்துனர் அனுப்பும் வீடியோக்கள் ஒரு பக்கம், பிள்ளை காட்டும் வீடியோக்கள் மறுபக்கம். ஒரு கட்டத்தில் அந்தத் தாய் குடும்ப வாட்ஸ்அப் குழுவை விட்டே வெளியேறினார். “அக்கா, இனிமே வீட்டுல இதப் பத்தி யாரும் வாதம் பண்ணக் கூடாதுன்னு சொல்லிட்டேன். ஆனா அவ, அவன் ஏதாவது சொன்னா காது குடுத்துக் கேக்கணும். அவர்கிட்டயும் சொல்லிட்டேன்” என்றார். 

அந்த அமைதியில்தான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பிள்ளை, மாதவிடாய் நாள்களில் பள்ளிக்குப் போகாமல் எங்கேயோ பேருந்தில் சுற்றிவிட்டு வருவதைச் சொன்னது. அந்த அமைதிக்கு முன் பெற்றோர் இருவரும் தங்கள் வாதத்திலேயே இருந்தார்கள். பள்ளி வருகைப் பதிவேட்டைக்கூடப் பார்க்கவில்லை. வகுப்பாசிரியையிடம் போய்ப் பேசினார்கள். எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்துவது என்பதுதான் பாதித் துயரம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஊழியர்களுக்கான ஒரு கழிப்பறையின் சாவியைத் தர ஏற்பாடானது. உலக வாதத்தில் இந்தச் சாவிக்கு இடமில்லை. அந்தப் பிள்ளைக்கு அதுதான் மாதத்தில் ஐந்து நாள் படிப்பு.

விடுப்பின் ஆகச் சிறந்த பலன் இதுதான் என்று நினைக்கிறேன்: கொள்கை விலகியதும் பிள்ளை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் இதே விடுப்பு இன்னொரு வீட்டில் எப்படி முடியும் என்பதற்கும் இதே ஊர் சாட்சி. உச்ச நீதிமன்றத்தில் மாறுபாலினத்தவர் உரிமைக்கான ‘நால்சா’ வழக்கோடு இணைத்துப் பேசப்படும் கௌரி சாவந்த் புனேயில் போலீஸ் அதிகாரி ஒருவரின் வீட்டில் பிறந்தவர். வீட்டில் தன் பாலினத்தைப் பற்றிப் பேச இடமில்லாமல் இளம் வயதிலேயே மும்பைக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் வாதம் நடக்கவில்லை, பேச்சே நடக்கவில்லை. அந்த வழக்கில் 2014 ஏப்ரல் 15 அன்று அவர் தரப்புக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது. வீட்டைவிட்டு ஓடும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தீர்ப்பு வருவதில்லை. தெருவும் கைதட்டிக் காசு கேட்பதும் பயிற்சியில்லாதவர் கையால் ரகசியமாகச் செய்துகொள்ளும் அறுவையும்தான் பலருக்கு வாய்த்தவை. மாறுபாலினத்தவர் என்ற காரணத்துக்காக எந்தப் பிள்ளையையும் நீதிமன்ற ஆணையின்றிப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று 2019 சட்டத்தின் 12ஆம் பிரிவு சொன்னது. பெற்றோர் மௌனத்தாலேயே பிள்ளையை வெளியேற்றுவதை எந்தப் பிரிவு தடுக்கும்?

மௌனம் யாருக்கு ஆதாயம் என்றும் பார்க்க வேண்டும். எல்லோரும் வாதத்தை நிறுத்தினால் ஏற்கெனவே இருக்கும் நிலை தொடரும். இருக்கும் நிலையில் பள்ளி, காவல் நிலையம், மருத்துவமனை மூன்றும் பெரியவர்கள் கையில். ஓய்வு எடுக்க முடிவதே ஒரு வசதிதான். கட்டுரை எழுதுபவர் வேறு பொருளுக்குப் போகலாம், தொலைக்காட்சிக்கு அடுத்த செய்தி வரும், மருத்துவர் “18 ஆகட்டும், வாருங்கள்” என்று கோப்பை மூடலாம். மனம் மாறித் திரும்ப நினைக்கும் இளைஞர்களுக்கும் இந்த மௌனம் உதவாது. அவர்களுடைய அனுபவத்தைக் கேட்டறிய ஒழுங்கான இடம் இல்லாததால்தான் அது இரு தரப்புக்கும் ஆயுதமாகிறது.

அதனால் விடுப்பு எடுப்பவரிடம் நான் கேட்பது இரண்டே: எவ்வளவு காலம், அதற்குள் என்ன படிக்கப்போகிறீர்கள்? ரானடேயின் மாநாட்டுக்குப் பந்தல் மறுத்தவர்கள் இந்த இரண்டில் ஒன்றுக்கும் பதில் வைத்திருக்கவில்லை. ஆனந்த் வெங்கடேஷ் இரண்டுக்கும் வைத்திருந்தார். நாள் குறிக்கப்பட்டிருந்தது, ஆசிரியர் யார் என்பதும் தெரிந்திருந்தது.

அந்தப் புனேத் தாயும் தம் வீட்டு விடுப்புக்கு ஆறு மாதம் என்று கெடு வைத்தார். கெடு முடிந்துவிட்டது. இப்போது அவர் தேடுவது ஒரு மருத்துவரை. உடனே மருந்து எழுதித் தருபவர் வேண்டாம், ‘இதெல்லாம் ஃபேஷன்’ என்று விரட்டுபவரும் வேண்டாம். பிள்ளையைத் தனியாகவும் பெற்றோரைத் தனியாகவும் உட்காரவைத்து, எலும்பு முதல் மனம் வரை சோதித்து, மருந்தால் வருவதையும் வராததையும் தமிழிலோ மராத்தியிலோ பொறுமையாகச் சொல்லக்கூடிய ஒருவர். இரண்டு மருத்துவமனைகளில் கேட்டிருக்கிறார். ஒன்றில் பெரியவர்களுக்கு மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள். மற்றதில் ஹார்மோன் மருத்துவர் மனநல மருத்துவரிடமும் மனநல மருத்துவர் ஹார்மோன் மருத்துவரிடமும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.